எல்லைமொழியும் தாய்மொழியும்: கய்யார கிஞ்ஞண்ண ரையின் வாழ்வும் எழுத்தும்

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்காகச் செல்லும் சாலை மாங்கரையைக் கடந்து மலையேறி ஆனைகட்டியை அடையும் இடத்தில் தமிழ்நாடு முடிகிறது. கொடுங்கரை ஆற்றுக்கு அப்பால் கேரளம். பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி நிலம். ஆற்றின் இரு கரைகளிலும் இருளர் வாழ்கின்றனர். கொண்டும் கொடுத்தும் உறவாடும் ஒரே மக்கள், ஒரே மொழி. எனினும் இக்கரைப் பிள்ளை பள்ளிக்குச் சென்றால் அதன் முதல் பாடம் தமிழில் அமைகிறது; அக்கரைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மலையாளத்தில் அமைகிறது. வீட்டில் தாய் பேசும் மொழி இரண்டு பள்ளிகளின் கரும்பலகையிலும் இல்லை. இத்தகைய நிலத்தில் ஓர் ஆசிரியர் எழுத்தாளராகவும் உருவானால் அவர் எந்த மொழியில் எழுதுவார்? எந்த மொழிக்காகப் போராடுவார்? இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்குமா என்பது மொழி வரலாற்றை ஆராய்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

அதே கேரளத்தின் வடகோடியில், மற்றோர் எல்லையில், நூறாண்டு வாழ்ந்த ஓர் ஆசிரியரின் வாழ்வு இவ்வினாவுக்கு முழுமையான ஒரு சான்றாக நிற்கிறது. அவர் கய்யார கிஞ்ஞண்ண ரை (1915–2015). கன்னட உலகம் அவரைக் கவிஞராகவும் காசர்கோட்டுப் போராளியாகவும் போற்றுகிறது. தமிழ்ப் புலமையுலகம் அவரை மிகுதியாக அறிந்ததாகத் தெரியவில்லை. துளுவைத் தமிழின் உறவுமொழிகளுள் ஒன்றாக எண்ணிப் பெருமை கொள்ளும் மரபு நம்மிடம் உண்டு. அகநானூற்றின் 15ஆம் பாடல் துளுநாட்டை நினைவுகூர்கிறது. மனோன்மணீயத்தின் (1891) தமிழ்த்தெய்வ வணக்கம் துளுவையும் பெயர் சுட்டிச் சேர்த்துக்கொள்கிறது. ஆயினும் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் எழுத்து வாழ்க்கை எவ்வாறு அமைந்தது என்பதை நாம் அரிதாகவே நோக்கியிருக்கிறோம்.

1915ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், காசர்கோட்டுப் பகுதியிலுள்ள கய்யார் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அன்று அப்பகுதி சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊர்ப்பெயரே அவருடைய பெயரின் முற்பகுதியாயிற்று. ‘கிஞ்ஞ’ என்பது துளுவில் ‘சிறிய’ என்று பொருள்படும். கிஞ்ஞண்ணன் என்பதைச் சின்னண்ணன் எனத் தமிழாக்கலாம். பெயரிலேயே துளு இருந்தது. வீட்டிலும் துளு இருந்தது. பள்ளியில் இருந்ததோ கன்னடம். அதனோடு சமஸ்கிருதமும் கற்றுக் கன்னட வித்வான் பட்டம் பெற்றார். இளமையிலேயே கையெழுத்து இதழ் நடத்தியவர், காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டவர், மங்களூரின் ‘சுவதேசாபிமானி’ போன்ற இதழ்களில் பணியாற்றியவர் என்னும் செய்திகள் அக்காலத் தேசிய எழுத்தாளர் பலருக்கும் பொதுவானவை; அவற்றில் நெடிது நிற்க வேண்டியதில்லை. அவருடைய வாழ்வின் நடுநாடி ஆசிரியப் பணியே ஆகும்.

பதியடுக்கை அடுத்த பெர்டாலாவில் உள்ள நவஜீவன உயர்நிலைப் பள்ளியில் அவர் நெடுங்காலம் கன்னடம் கற்பித்தார். கவிதையோடு இலக்கண நூலும் பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். நல்லாசிரியருக்கான தேசிய விருது 1969இல் அவருக்கு வழங்கப்பட்டது. பதியடுக்கை ஊராட்சித் தலைவராகவும் பல ஆண்டுகள் பணியாற்றினார். பாடநூல் எழுதும் கவிஞரைச் சற்றே தாழ்வாக நோக்கும் வழக்கம் நம் திறனாய்வில் உண்டு. எல்லைப்புற மொழியொன்றின் வரலாற்றில் அந்நோக்கு பொருந்தாது. பெருநகரில் ஒரு கவிதைத் தொகுதி ஆற்றும் பணியைச் சிற்றூர்ப் பள்ளியில் ஒரு வாசகநூல் ஆற்றிவிடும். எந்தச் சொல் அச்சேறத் தகுதி உடையது, எந்தச் சொல் வாயோடு நின்றுவிட வேண்டியது என்பதைப் பிள்ளைக்கு முதன்முதலில் உணர்த்துவது அந்நூல்தான். கன்னடப் பாடநூலை ஆக்கிய அவருடைய கையே துளுச் சொற்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தவும் நேர்ந்தது. இது அவர்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு அன்று. அவர் நின்ற இடத்தின் இயல்பு அத்தகையது.

அவருடைய கவிதைத் தொகுதிகளுள் ஒன்றுக்குக் ‘கொரக’ என்பது பெயர். கொரகர் துளுநாட்டின் தொல்குடியினர். தமக்கெனத் தனிமொழி உடையவர்கள். சாதியடுக்கின் அடித்தளத்தில் வைக்கப்பட்டவர்கள். நிலவுடைமைச் சமூகமான பண்டர் குலத்தில் தோன்றிய ஒருவர் அப்பெயரை நூலின் முகப்பில் ஏற்றியது சிறிய செயலன்று. கன்னடம், துளு, கொரகம் என்று மொழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்த நிலத்தில் அவர் இடைப்படியில் பிறந்தவர். மேற்படியின் மொழியில் எழுதியவர். கீழ்ப்படியில் வைக்கப்பட்டோரைப் பாடுபொருளாக்கியவர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. காசர்கோடு கேரளத்தோடு சேர்க்கப்பட்டது. தேவிகுளம், பீருமேடு ஆகியவற்றைப் பற்றித் தமிழர்க்கு உள்ள மனக்குறை எத்தகையதோ அத்தகையதே காசர்கோட்டைப் பற்றிக் கன்னடர்க்கு உள்ள மனக்குறையும். அவை இரண்டும் ஒரே நாளில், ஒரே சட்டத்தால் கேரளத்தின் இரு முனைகளிலும் நேர்ந்தவை. கிஞ்ஞண்ண ரை காசர்கோட்டைக் கர்நாடகத்தோடு இணைக்கும் போராட்டத்தின் குரலானார். தீப்பற்றிய வீட்டை உருவகமாக்கி அவர் பாடிய பாடல் அவ்வியக்கத்தின் பாடலாகவே வழங்கியது. 1966இல் அமைக்கப்பட்ட மகாஜன் ஆணையம் 1967 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. சந்திரகிரி ஆற்றுக்கு வடக்கிலுள்ள பகுதியைக் கர்நாடகத்திற்குத் தரலாம் என அது பரிந்துரைத்தது. கேரளம் அதனை ஏற்கவில்லை. பரிந்துரை செயலுக்கு வரவேயில்லை. 1984இல் காசர்கோடு கேரளத்தின் தனி மாவட்டமாயிற்று. அதன் பின்னரும் அவர் தம் கோரிக்கையைக் கைவிடவில்லை. 1997இல் மங்களூரில் கூடிய கன்னட இலக்கிய மாநாட்டிற்கு அவர் தலைமை ஏற்றார். கர்நாடகத்திற்கு வெளியே வாழ்ந்த ஒருவருக்குக் கன்னட உலகம் அளித்த மிக உயர்ந்த இருக்கை அது.

இங்கு ஒரு செய்தியைத் தவறாமல் கருத வேண்டும். மலையாள ஆட்சியை ஏற்காத அவர் மலையாள இலக்கியத்தை வெறுத்தவர் அல்லர். சாதிக் கொடுமைக்கு எதிராகப் பாடிய குமாரன் ஆசானின் (1873–1924) மூன்று கண்டகாவியங்களைக் கன்னடத்தில் பெயர்த்தவர் அவரே. கேரளத்தை விட்டுக் குடிபெயராமல் பதியடுக்கையில் ‘கவிதா குடீரம்’ என்னும் தம் இல்லத்திலேயே இறுதிவரை வாழ்ந்தார். எல்லைப் போராட்டங்களின் மேடைப்பேச்சை மட்டும் படிப்போர்க்கு இப்பக்கம் புலப்படாது. அண்டை மொழியின் அரசை எதிர்ப்பதும் அதன் கவிஞனை வரவேற்பதும் ஒருவரிடத்திலேயே கூடியிருக்க இயலும். தமிழ்நாட்டு எல்லைப் போராட்ட வரலாற்றை எழுதுவோர் இத்தகைய மொழிபெயர்ப்புகளையும் தேடித் தொகுத்தல் நன்று.

ஆயின், அவருடைய தாய்மொழி எங்கே? அவர் துளுவிலும் எழுதினார். ‘என்னப்பெ துளுவப்பெ’ என்பது அவருடைய துளுக் கவிதைத் தொகுதி. ‘என் தாய், துளுத்தாய்’ என்பது அதன் பொருள். துளுவில் ‘அப்பெ’ என்றால் தாய், ‘அம்மெ’ என்றால் தந்தை. தமிழரின் செவிக்கு இம்முறைமாற்றம் வியப்பளிக்கும்; திராவிட ஒப்பியலாளர்க்கோ இது நல்விருந்து. ஆனால் அவருடைய எழுத்தின் முழுப்பரப்பை நோக்க, துளுப்பகுதி மிகச் சிறியது. கவிதைத் தொகுதிகள், வாழ்க்கை வரலாறுகள், இலக்கணம், பாடநூல், மொழிபெயர்ப்பு, தன்வரலாறு என விரிந்தவை யாவும் கன்னடத்தில் அமைந்தவை. தாயைத் துளுவில் பாடினார். தாயகத்தின் உரிமையைக் கன்னடத்தில் கேட்டார்.

அன்று துளுவில் எழுத வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. பாசல் மிஷன் 1834இல் மங்களூர் வந்தது. 1847இல் புதிய ஏற்பாடு துளுவில் அச்சாயிற்று. 1872இல் பிரிகலின் துளு இலக்கணமும் 1886இல் மேனரின் துளு–ஆங்கில அகராதியும் வெளிவந்தன. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் துளுவைத் திருந்திய திராவிட மொழிகளுள் வைத்துப் பாராட்டினார். 1928இல் எஸ்.யு. பணியாடி உடுப்பியில் துளுவ மகாசபையைத் தொடங்கினார். அப்போது கிஞ்ஞண்ண ரை பதின்மூன்று வயதுச் சிறுவர். பணியாடியின் ‘சதி கமலெ’ என்னும் துளு நாவல் 1936இல் வெளிவந்தது. ஆகவே துளுவழி என்று ஒரு பாதை, ஒற்றையடிப் பாதையாகவேனும், அவர் கண்முன் இருந்தது. அவர் தேர்ந்தது கன்னடப் பெருவழியை.

இத்தேர்வு அவருக்கு மட்டும் உரியது அன்று. அவர் வாழ்க்கை வரலாறு எழுதிப் போற்றிய மஞ்சேசுவரம் கோவிந்த பை (1883–1963) கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1949இல் சென்னை அரசு அவருக்கு ராஷ்டிரகவி என்னும் பட்டம் அளித்தது கன்னடக் கவிதைக்காகவே. மலையும் கடலும் நெருங்கி நிற்கும் அக்குறுநிலத்தில் வீட்டுமொழி வேறாகவும் ஏட்டுமொழி வேறாகவும் இருத்தல் இயல்பான நிலையாகக் கருதப்பட்டது. துளுவைக் கன்னட எழுத்திலேயே அச்சிட்டதால் துளு தனியே நிற்கும் மொழி என்னும் எண்ணமும் மங்கியது. ஏடுகளில் துளுவுக்கு வேறோர் எழுத்து இருந்ததையும், பழைய காவியங்கள் இருந்ததையும் வேங்கடராஜ புணிஞ்சித்தாயர் போன்றோர் பின்னரே வெளிக்கொணர்ந்தனர். மந்தார கேசவ பட்டரின் துளு இராமாயணம் வந்தது 1977இல். வாய்மொழிக் காப்பியமான ‘சிரி’யைக் கோபால நாயக்கர் பாட, பின்லாந்து அறிஞர் லௌரி ஹொன்கோ 15,683 அடிகளாகப் பதிவுசெய்து 1998இல் வெளியிட்டார். மொழிவளம் இருந்தது, அதனை இலக்கியம் என்று ஏற்கும் கண்கள்தாம் காலந்தாழ்ந்து திறந்தன.

ஐரோப்பாவின் மேற்கோடியில் இதற்கு எதிர்மாறான ஒரு தேர்வைக் காணலாம். கலீசிய மொழி போர்த்துகீசியத்தின் உடன்பிறப்பு. ஆட்சியாலோ ஸ்பானியத்தின் நிழலில் கிடந்தது. ரிகார்தோ கர்பாயோ கலேரோ (1910–1990) கலீசியாவின் ஃபெரோல் நகரில் பிறந்தவர். அம்மொழியைப் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கிய சர்வாதிகாரி ஃபிராங்கோவும் அதே நகரத்தவர் என்பது வரலாற்றின் விந்தை. உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்ற கர்பாயோ கலேரோ 1941வரை சிறையில் இருந்தார். வெளிவந்தபின் அரசுப் பணி கிட்டாமல் தனியார் கல்வியில் காலங்கழித்தார். 1950முதல் 1965வரை லூகோ நகரத்துப் பள்ளியொன்றில் பணியாற்றினார். அவ்வாண்டுகளிலேயே, 1951இல், போருக்குப் பிந்திய முதல் கலீசிய நாவலை வெளியிட்டார். 1963இல் கலீசிய இலக்கிய வரலாறும் 1966இல் கலீசிய இலக்கணமும் தந்தார். 1972இல் சந்தியாகோ பல்கலைக்கழகத்தில் கலீசிய மொழிக்கு முதல் பேராசிரியரானார். பின்னர், கலீசியத்தைப் போர்த்துகீசிய எழுத்துமுறையோடு நெருக்க வேண்டும் என வற்புறுத்தினார். அக்கருத்து அவரைத் தம் மொழியின் அதிகார வட்டத்திலேயே தனிமைப்படுத்தியது. ஆண்டுதோறும் மே 17இல் கொண்டாடப்படும் கலீசிய இலக்கிய நாள் அவருக்கு உரித்தாக்கப்பட்டது 2020இல்தான்.

இருவரும் பள்ளியாசிரியர்கள், இருவரும் இலக்கணம் எழுதியவர்கள், இருவர் மொழிக்கும் வலிய அண்டைமொழி உண்டு. ஒருவர் வீட்டுமொழியைப் பல்கலைக்கழக இருக்கைவரை கொண்டுசென்றார். மற்றவர் வீட்டுமொழியை வீட்டிலும் பாட்டிலும் வைத்துக்கொண்டு, பள்ளிமொழியின் காவலராக நின்றார். துணிவின் மிகுதி குறைவால் மட்டும் இதனை விளக்கவியலாது. கலீசியாவில் அழுத்தம் ஒருமுகமாக வந்தது. ஆகவே எதிர்ப்பும் ஒருமுகமாக அமைந்தது. காசர்கோட்டிலோ கன்னடமே இருமுகம் கொண்டு நின்றது. துளுவுக்கு அது மேலிடத்து மொழி. மலையாள அரசின்கீழ் அதுவே காக்கப்பட வேண்டிய சிறுபான்மை மொழி. வீடு தீப்பற்றியபோது எந்த அறையை முதலில் காப்பது என்னும் நிலை அது.

சட்டமும் இவ்வாறே நடந்துகொண்டது. மாநிலங்கள் மறுசீரமைந்த 1956ஆம் ஆண்டிலேயே, ஏழாவது திருத்தத்தின் வழி அரசமைப்பில் 350ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என அது கூறுகிறது. நடைமுறையில் ‘தாய்மொழி’ என்னும் சொல்லுக்கு ‘அண்டை மாநிலத்தின் ஆட்சிமொழி’ என்பதே பொருளாயிற்று. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு தொடர்புகொள்ள வகைசெய்தது; துளுவுக்கும் இருளத்துக்கும் அதில் அவ்விடம் இல்லை. காசர்கோட்டில் கன்னடவழிப் பள்ளிகள் நிலைத்திருப்பதில் கிஞ்ஞண்ண ரையின் தலைமுறையினருக்குப் பெரும்பங்கு உண்டு. அப்பள்ளிகளில் அமரும் துளுக் குழந்தை சட்டத்தின் கண்ணில் கன்னடக் குழந்தை.

ஆனைகட்டியின் இருளக் குழந்தைக்கு அவ்வளவும் இல்லை. இருளமொழி தமிழுக்கு மிக நெருங்கியது என்பதை ஜெரார் டிஃப்லோத் 1968இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் காட்டினார். கமில் சுவலபில் 1973முதல் அம்மொழியைப் பற்றித் தொடர்ந்து நூல்கள் வெளியிட்டார்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழி இரா. பெரியாழ்வார் அதன் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் ஆராய்ந்தார். இருளம் தமிழின் கிளைவழக்கன்று, தனிமொழி என்பது இவ்வாய்வுகளால் வலுப்பெற்ற கருத்து. எனினும், தமிழுக்கு நெருங்கியது என்பதே அதற்குத் தடையாகவும் அமைந்துவிட்டது. ‘அதுவும் ஒருவகைத் தமிழ்தானே’ என்று இக்கரையிலும், ‘தமிழ் கலந்த பேச்சு’ என்று அக்கரையிலும் தள்ளிவிட வசதியாயிற்று. பாடல் வந்தால் மட்டும் எல்லாரும் செவிசாய்க்கின்றனர். அட்டப்பாடியின் நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ திரைப்படத்தில் இருளமொழியில் பாடியதற்காக 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது நாடு முழுவதும் அம்மொழியின் பெயரைக் கேட்டது. பாட்டுக்குக் கிடைத்த இடம் பாடத்திற்குக் கிடைக்கவில்லை. பள்ளிகளில் பழங்குடி ஆசிரியத் துணைவர்களை அமர்த்தும் ‘கோத்ரபந்து’ திட்டத்தைக் கேரளம் 2017இல் வயநாட்டில் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிமொழிக்கு அழைத்துச் செல்லும் பாலமாகவே அது வடிவமைந்தது.

எழுத்தில் சில தொடக்கங்கள் உண்டு. இடுக்கி மலையின் மறையூரைச் சேர்ந்த அசோகன் மறையூர் முதுவான் மொழியிலும் மலையாளத்திலும் கவிதை எழுதிவருகிறார். கோவைப் பகுதியின் லட்சுமணன் இருளமொழிக் கவிதைகளைத் தமிழ் எழுத்தில் ‘ஒடியன்’ என்னும் தொகுதியாகத் தந்தார். இருளத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அக்கரை மாணவன் படிக்க இடர்ப்படுவான். மலையாள எழுத்தில் எழுதினால் இக்கரை மாணவன் இடர்ப்படுவான். கர்பாயோ கலேரோவைத் தனிமைப்படுத்தியதும் எழுத்துமுறைச் சிக்கலே. துளுவைக் கன்னடத்தின் நிழலில் நிறுத்தியதும் எழுத்தே. தமிழ்த்துறைகள் இருளமொழியை நாட்டுப்புறவியல் தரவாகத் தொகுப்பதோடு அமையாமல், இருகரைப் பிள்ளைக்கும் உதவும் ஒரு தொடக்க வாசகநூலை உருவாக்க முனைந்தால் அது ஆய்வேடுகள் பலவற்றைவிடப் பயன்தரும். அதனை எழுதவேண்டியவர் இருளரே, பல்கலைக்கழகம் துணைநிற்கலாம்.

துளுவின் நிலை இதற்கிடையே மாறியிருக்கிறது. 1994இல் கர்நாடகத்திலும் 2007இல் கேரளத்திலும் துளு அகாதெமிகள் அமைந்தன. உடுப்பியில் கோவிந்த பை ஆய்வு மையம் உ.பா. உபாத்யாயரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆறு தொகுதிகளில் துளு நிகண்டை 1988முதல் 1997வரை வெளியிட்டது. கொங்கணிக் கவிஞர் ஒருவர் பெயரால் அமைந்த மையம் துளுவுக்கு அகராதி தந்தது அந்நிலத்தின் பண்புக்கு ஏற்றதே. 2011 மக்கள்தொகைக் கணக்கு 18.46 இலட்சம் பேரைத் துளு பேசுவோராகக் காட்டுகிறது. எட்டாவது அட்டவணையில் அம்மொழிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. துளு–திகளாரி எழுத்து 2024இல் ஒருங்குறியில் சேர்ந்தது.

கிஞ்ஞண்ண ரை 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நூறாண்டு நிறைவு கண்டு, ஆகஸ்டு 9ஆம் நாள் மறைந்தார். காசர்கோடு கேரளத்திலேயே இருந்தது. அவர் வளர்த்த கன்னடவழிக் கல்வியும் அங்கேயே தொடர்ந்தது. அவருடைய தன்வரலாற்றின் தலைப்பு ‘துடிதவே நன்ன தேவரு’; உழைப்பே என் தெய்வம் என்பது பொருள். பெயரிலேயே துளுவைச் சுமந்த சின்னண்ணன் தம் வாழ்க்கையைத் தாமே எழுத அமர்ந்தபோதும் கைக்கு வந்த மொழி கன்னடமே.